கம்பவுண்டர் ஆறு வார்த்த படலம்

அளவுக் குவளையை வாளெனவும் கலக்குக் கோலை வேலெனவும் ஏந்தி, அரசு மருத்துவமனையின் மருந்துச் சாளரத்துக்குப் பின்னே முப்பத்து நான்கு ஆண்டுகள் கோலோச்சி, 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்' எனும் இருபெரும் மந்திரங்களால் குடிகளைக் காத்து, இருமலை ஒடுக்கி, சளியைச் சாய்த்து, வயிற்றுப்போக்கெனும் காட்டாற்றுக்குக் கையகலச் சீட்டில் அணைகட்டி, முடிவில் ஒரு சுவர்க்கடிகாரத்தைத் திறையாகப் பெற்றுக்கொண்டு ஓய்வென்னும் பாலைக்குள் தனியே நடந்த வழுக்கைத் தலைச் செம்மல், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடெங்கும் தேடும் விழிகொண்ட வீரர், கம்பவுண்டர் வாழி! அவர் கொற்றம் வாழி! அவர் வார்த்த ஆறு ஓடாது நின்று வாழி!

ஒட்ட வேண்டியதை ஒட்டாமல் விட்டு, ஒட்டக்கூடாத விரலிரண்டை ஒரே நொடியில் ஒட்டி, மானிடரோடு விளையாடும் பசைத் தாயே! இந்தக் கதை முடியும்வரை சொல்லோடு சொல் ஒட்டி நிற்க அருள்வாய். படிப்போர் கையில் மட்டும் ஒட்டாதிருப்பாய்.

காவியம் பாடப் புகுந்தோர் எல்லாரும் முதலில் ஆற்றைப் பாடுவர். மலையில் பிறந்தது, மணியும் பொன்னும் உருட்டி வந்தது, வயலில் புகுந்து விளைச்சல் தந்தது என்று மூச்சுவிடாமல் அடுக்கி, ஆறு கடலில் போய் விழுந்த பிறகே வீரனைக் கூப்பிடுவர். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம் ஆறு இன்னும் பிறக்கவே இல்லை. அது அட்டையாகவும், சுவர் பூசும் பட்டியாகவும், இரண்டு புட்டிகளில் அடைபட்ட ரெசின் என்னும் கண்ணாடிப் பசையாகவும் ஒரு சாப்பாட்டு மேஜைக்கடியில் கிடக்கிறது. ஆகவே வீரரை முதலில் அழைத்தோம்; ஆற்றை அவரே செய்துகொள்வார்.

அவர் ஏன் ஆறு செய்யவேண்டும்? போருக்கு. போர் என்றதும் பதற வேண்டாம். படைகள் இரண்டிலும் சுண்டுவிரலில் பாதியைத் தாண்டிய ஆள் ஒருவரும் இல்லை. ஈயத்தில் வார்த்து, மயிரிழைத் தூரிகையால் மீசை தீட்டி, பட்டாணி அளவுப் பீரங்கிகளோடு பிஸ்கட் டப்பாக்களில் பாசறை கொண்டவர்கள் அவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, கம்பவுண்டரின் சாப்பாட்டு மேஜைமேல் மோதுவார்கள். அளவு நாடாவை நீட்டி "இத்தனை அங்குலம் நடந்தேன்" என்பார் ஒரு சேனாதிபதி. பகடையை உருட்டி "இத்தனை பேரைச் சாய்த்தேன்" என்பார் மற்றவர். சாய்ந்தவர்கள் டப்பாவுக்குத் திரும்பி அடுத்த மாதம் புத்துயிர் பெற்று வருவார்கள். பதினோரு ஆண்டுகளாக நடக்கும் இப்பெரும்போரில் இதுவரை சிந்தியதெல்லாம் இரண்டு கோப்பைத் தேநீர்.

எதிர்த்தரப்பு வேந்தர் வேற்றாள் அல்லர். கம்பவுண்டரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. டைல்ஸ் கடைக்காரர். ஊரார் குளியலறைகளை வழுவழுப்பாக்கியே வளம் பெற்றவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முகத்தைப் பார்க்குமுன் தரையைப் பார்த்து "ச்ச்" என்பவர். மீசையும் தொந்தியும் கட்டியம் கூறி முன்னால் வர, தாம் பின்னால் வருபவர். உறவுமுறைப்படி இவரை மச்சான் என்றே அழைப்போம். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் அவர் வருவார்.

இவ்விரு பெருவேந்தரும் பதினோரு ஆண்டுகளாகப் பொருத களத்தில் ஆறென்று இருந்தது ஒரு நீல ரிப்பன். சாலையென்று இருந்தது பார்சல் ஒட்டும் பழுப்பு டேப். யாரும் குறை சொன்னதில்லை. சென்ற மாதம்வரை. சென்ற மாதம் போரின் உச்சத்தில், வேர்வை தாளாத மச்சான் மின்விசிறியை ஐந்தாம் எண்ணுக்குத் திருகினார். அவ்வளவுதான்: நீலப் பேராறு கரையோடு கிளம்பி, வானில் எழுந்து, ஒரு பீரங்கியையும் இரு கொடிவீரரையும் சுருட்டிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய்ச் சங்கமமாயிற்று.

மச்சான் சிரித்தார். சாதாரணமாகச் சிரித்தாரா? நாற்காலி கிரீச்சிட, கண்ணில் நீர் வர, தொந்தி மேஜையை இடித்துக் காலாட்படையே கவிழ, சிரித்தார்.

"ஐயோ அத்தான்! எல்லார் வீட்டுலயும் ஆறு ஓடும். உங்க வீட்டுல பறக்குது!"

சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்தக் காவியத்துக்கே வித்தான அந்தச் சொல்லைச் சொன்னார்:

"எனக்கு ரெடிமேட் ஆறு பார்சல்ல வந்திருக்கு. ரப்பர். கூடவே ரோடும். விரிச்சா போதும், படுத்துக்கும். இனிமே ஆட்டத்தை என் வீட்டுலயே வெச்சுக்கலாமே, உங்களுக்கு ஏன் சிரமம்?"

'உங்களுக்கு ஏன் சிரமம்' எனும் மூன்று சொற்களும் மூன்று அம்புகளாகக் கம்பவுண்டரின் மார்பில் தைத்தன. ஏனென்றால், இவ்விருவருக்குள் நெடுநாளாக ஓர் எழுதாச் சட்டம் உண்டு: ஆட்டத்தில் தகராறு வந்தால் வீட்டுக்காரர் சொல்வதே முடிவு. மேட்டின்மேல் நிற்பவனுக்குக் குண்டு படுமா, பாதி உடல் சாலையிலும் பாதி உடல் புல்லிலும் இருக்கும் குதிரை எவ்வளவு தூரம் ஓடும் என்றெல்லாம் ஐயம் எழுந்தால் மச்சான் தலை நிமிர்ந்து, "நீங்களே சொல்லுங்க அத்தான்" என்று காத்திருக்கவேண்டும். ஒரு காலத்தில் காலை எட்டு மணி முதல் சாளரத்துக்கு வெளியே நூறு முகங்கள் காத்திருந்த மனிதருக்கு, இப்போது மாதம் ஒருமுறை காத்திருக்கும் முகம் அது ஒன்றுதான். மனைவிகூட மாத்திரை அட்டையைத் தானே திருப்பிப் படித்து விழுங்கிவிடுகிறார். களம் மச்சான் வீட்டுக்குப் போனால் தீர்ப்பும் போகும். கம்பவுண்டர் அங்கே தேநீர் குடிக்கும் விருந்தாளி.

எழுந்தார் கம்பவுண்டர். வேட்டியை மடித்துக் கட்டினார். ஆட்டத்தின் விதிநூலை மூடினார். பிரகடனம் செய்தார்:

"கேளும் மச்சான்! வரும் மாதத்து முதல் ஞாயிறு, நாலு மணிக்கு, இந்த மேஜைமேல் என் கையால் செய்த ஆறு கிடக்கும்! கரையோடு கிடக்கும்! சாலையும் கிடக்கும்! ரப்பரைக் கொண்டுபோய்க் குளியலறையில் விரியும்!"

"சரி அத்தான். ஆனா இணைப்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஆத்தைக் கடக்கற எடத்துல என் குதிரை சாயாம நிக்கணும். சாஞ்சா ஆட்டம் என் வீட்டுல. என்னைக்குமே."

"என்னைக்குமே!" என்று எதிரொலித்தார் கம்பவுண்டர். சமையலறையிலிருந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா கத்துங்க, பக்கத்து வீட்டுல பரீட்சைக்குப் படிக்கிறாங்க" என்று மூன்றாம் வல்லரசின் குரல் வந்தது.

நான்கு வாரங்கள். பிற வீரரெனில் மறுநாளே வேலையில் இறங்கியிருப்பர். நம் வீரர் ஓய்வு பெற்றவர். நேரம் நிரம்ப உள்ளவர். ஆகவே மூன்று வாரங்களைத் திட்டம் தீட்டுவதில் செலவிட்டார். பச்சை மையில் ஒரு வரைபடம், சிவப்பு மையில் அதற்கொரு திருத்தம், திருத்தத்துக்குப் பென்சிலில் ஓர் அடிக்குறிப்பு. எஞ்சிய ஒரு வாரத்தில் ஆறு, கரை, சாலை யாவும் பிறந்தாக வேண்டிய நிலையில் கத்தரிக்கோலை எடுத்தார்.

ஒரே நீளமாக ஆறு செய்தால் ஒவ்வொரு போரிலும் அது ஒரே வழியில்தான் கிடக்கும். எனவே ஆற்றைத் துண்டுகளாகச் செய்து, மாதத்துக்கு ஒரு விதமாகக் கோத்துக்கொள்வதே இத்தொழிலின் மரபு. நேர்த்துண்டு நான்கு, வளைவு இரண்டு, குதிரை இறங்கிக் கடக்கும் கடவுத்துறை ஒன்று என ஏழு துண்டுகள். எத்துண்டோடு எத்துண்டைச் சேர்த்தாலும் வாயும் வாயும் பொருந்தவேண்டும். கரை கரையோடு, நீர் நீரோடு, மயிரிழை பிசகாமல். இருமல் மருந்துப் பெட்டியை வெட்டி அதில் 'வாய்' அளவு செய்துகொண்ட கம்பவுண்டர், பதினான்கு வாய்களையும் அந்த ஒரே அளவில் அறுத்தார். துளிக்குத் துளி எண்ணி ஊற்றிய கை அது. பிசகவில்லை.

பிசகியது அட்டை. பட்டியைக் குழைத்துக் கரை எழுப்பி, அதன்மேல் மண் தூவி, வண்ணம் பூசிவிட்டு நிமிர்வதற்குள், ஈரம் குடித்த ஏழு துண்டுகளும் இரு முனையும் வான்நோக்கி எழ, தொட்டில்போல் வளைந்து ஆடத் தொடங்கின. ஆற்றின் நடுப்பகுதி பள்ளத்தாக்கில், முகத்துவாரமோ மலையுச்சியில்! பின்புறமும் வண்ணம் பூசினால் அது மறுபக்கம் இழுத்துச் சமன்செய்யும் என்ற இரகசியத்தை எங்கோ படித்திருந்தவர், அவ்வாறே பூசி, துண்டுகளைத் தரையில் அடுக்கி, மேலே மருந்தியல் அகராதி இரண்டு தொகுதி, அதன்மேல் மனைவியின் பயணப்பெட்டி, அதன்மேல் தாமே என ஏறி அமர்ந்தார். அமர்ந்தபடியே செய்தித்தாள் முழுவதையும், கண்ணீர் அஞ்சலி உட்பட, படித்தார். பெட்டிக்குரிய அம்மையார் வந்து பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஆத்தை நிமிர்த்தறேன்."

"நல்லது. அப்படியே உங்க முதுகையும் நிமிர்த்திக்கோங்க."

அம்மையார் தபால் நிலையத்தில் முப்பது ஆண்டுகள் முத்திரை குத்தி ஓய்ந்தவர். எந்தச் சொல்லையும் ஓங்கி ஒரே குத்தில் முடிப்பது அவர் பழக்கம். மறுநாள் தேநீர் வடிகட்டி காணாமற்போய், ஆற்றங்கரையின் இரண்டாம் பூச்சுக்கு மண் சலிக்கும் புனிதப் பணியில் அது ஈடுபட்டிருப்பது கண்டறியப்பட்டபோதும் அவர் நெடிது பேசவில்லை. பால்கனியில் நின்ற கம்பவுண்டரிடம் கோப்பையை நீட்டினார். "இன்னைக்கு டீ இப்படித்தான்" என்றார். தூளெல்லாம் மிதந்த அத்தேநீரைப் பல்லால் வடிகட்டிக் குடித்தார் வீரர்.

இனிச் சாலை. சாலைக்கு வேண்டியது சீலண்ட்: குளியலறை டைல்ஸ் இடுக்கை அடைக்கும் அந்தப் பசை உலர்ந்தாலும் வளையும், மேடு பள்ளம் எதன்மேலும் படியும். நகரில் அது கிடைக்கும் கடைகள் பல. நடந்து போகும் தூரத்தில் இருப்பது ஒன்றே. பகைவனின் கோட்டை! தொப்பியை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, அதனாலேயே வாசற்படி தெரியாமல் தடுக்கி, ஓசையோடு உள்ளே நுழைந்தார் ஒற்றர் வேடத்துக் கம்பவுண்டர்.

"வாங்க அத்தான்! என்ன, பாத்ரூம் ஒழுகுதா?"

"ஆமா... லேசா ஒழுகுது. சீலண்ட் மூணு ட்யூப் வேணும்."

"மூணு ட்யூப் வாங்கற அளவுக்கா? அது பாத்ரூம் இல்ல அத்தான், அருவி."

பகைவன் தன் கையாலேயே படைக்கலத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். அவ்வெள்ளைப் பசையில் மண்நிறம் குழைத்து, நீளப் பட்டைகளாக இழுத்து, முடி துறந்த நாள்முதல் பணியற்றுக் கிடந்த தம் சீப்பை அலமாரியின் அடியிலிருந்து வெளிக்கொணர்ந்து, அதன் இரு பற்களை மட்டும் விட்டு மற்றவற்றை உடைத்து, பட்டைமேல் மெல்ல இழுத்தார். ஆகா! வண்டித்தடம்! ஆயிரம் வண்டிகள் ஆயிரம் மழைக்காலம் உருண்டுபோன தடம்! இடையிடையே சுண்டுவிரலால் ஒரு குழி, குழியில் ஒரு சொட்டு வார்னிஷ்: தேங்கிய மழைநீர். சாலை போட்ட எந்த ஒப்பந்ததாரரும் குழியை இத்தனை அக்கறையோடு செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை, நீர் வார்க்கும் வேளை வந்தது.

இரண்டு புட்டிகள். ஒன்றில் பசை, ஒன்றில் அதை இறுக்கும் திரவம். எடையில் இரண்டுக்கு ஒன்று. கலந்து வார்த்தால் ஒரு நாளில் கண்ணாடிபோல் இறுகும். மருந்துத் தராசைத் துடைத்து, மூச்சடக்கி, குமிழி எழாமல் வலஞ்சுழியாக நூறு சுற்று கலக்கினார் கம்பவுண்டர். உலகில் எந்தப் பசையும் அதுகாறும் இத்தனை துல்லியமாகக் கலக்கப்பட்டதில்லை. இத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் இந்தக் காவியம் இவ்விடத்தில் மங்களம் பாடி முடிந்திருக்கும்.

நிறுத்தவில்லை. கலவை பளிங்குபோல் தெளிந்திருந்தது. அவர் நெஞ்சிலோ புதுமழை பெய்து, காடு கழுவி, நுரை தள்ளி வரும் செம்புனல் ஓடிக்கொண்டிருந்தது. நிறம் வேண்டும்! செந்நிறம், பழுப்பும் கலந்த செந்நிறம்! கண்களை மூடினார், திறந்தார், முப்பத்து நான்கு ஆண்டுகள் பழகிய கை தானாக நீண்டு மருந்தலமாரியின் இரண்டாம் தட்டைத் தொட்டது. அங்கே நின்றது, பள்ளிப் பிள்ளைகளின் முழங்கால் சிராய்ப்பு முதல் கசாப்புக்காரரின் விரல் வெட்டு வரை எத்தனையோ புண்களை எரித்து ஆற்றிய அருமருந்து, டிங்சர் அயோடின்.

'இதற்கென உள்ள நிறமியைத் தவிர வேறெதையும் கலக்காதீர்' என்று பசைப்புட்டியின் முதுகில் எழுதியிருந்தது. "புட்டியில் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு குடிங்க" என்று லட்சம் பேரிடம் சொன்ன வாய் நம் வீரருடையது. தம் புட்டியைத் திருப்பிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. மருந்து கொடுப்பவர் படிப்பதில்லை, வாங்குபவர்தான் படிப்பார். பன்னிரண்டு சொட்டு விட்டார். அழகு! இன்னும் பன்னிரண்டு விட்டார். பேரழகு! அணைமேல் நின்ற தலைமைப் பொறியாளர்போல் கை உயர்த்தி, ஏழு துண்டுகளிலும் செம்புனலைத் திறந்துவிட்டார். கரை தொட்டு, வளைவு நனைத்து, கடவுத்துறையின் கூழாங்கல் மூடி, பொன்னும் செம்பும் கலந்தாற்போல் மின்னிக் கிடந்தது ஆறு.

அம்மையார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "யாருக்கு அடிபட்டுச்சு?"

யாருக்கும் இல்லை. அடி இனிமேல்தான். டிங்சரில் பாதி ஸ்பிரிட்டு. ஸ்பிரிட்டு உள்ளே புகுந்த ரெசின் இறுகாது. பதம் தப்பிய பாகுபோல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். இது கதை சொல்லும் நமக்குத் தெரியும். படிக்கும் உங்களுக்கும் இப்போது தெரியும். சனிக்கிழமை காலை ஆற்றில் விரல் வைத்துப் பார்த்த கம்பவுண்டருக்குத் தெரியாது. விரல் வந்தது, விரலோடு ஆறும் ஒரு முழம் வந்தது. நூல்போல் நீண்டு, வளைந்து, மின்னி, மீண்டும் ஆற்றுக்கே போனது.

"ஆறிடுச்சா?" என்றார் அம்மையார்.

"ஆறும்."

உச்சிவேளையில் மொட்டைமாடி வெயிலில் காட்டினார். ஆறு ஆறவில்லை. முடி உலர்த்தும் கருவியை, அது தம் தலைக்குச் செய்ய வாய்ப்பற்ற சேவையை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டு, ஆற்றின்மேல் பிடித்தார். ஆறு ஆறவில்லை. ஊர்ப்புண்ணையெல்லாம் ஆற்றிய மருந்து ஆற்றை மட்டும் ஆறவிடாது நின்றது. பறந்து வந்த ஈ ஒன்று, அழகிய நீர்நிலையெனக் கருதி இறங்கி, இப்போரின் முதல் களப்பலியாயிற்று. மாலையில் கடைசி அஸ்திரமாக முகப்பவுடரைத் தூவினார். செம்புனல் நொடியில் பனிமூடிய ஏரியாகி, மல்லிகை மணமும் மருத்துவமனை மணமும் ஒன்றாக வீசிற்று. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதற்குள் அவர் தோள் இற்றுப்போயிற்று.

"தம்பிகிட்ட ஒரு வாரம் டைம் கேளுங்களேன்," என்றார் அம்மையார், இம்முறை முத்திரை குத்தாத குரலில். "அவன் என்ன அந்நியனா?"

"கேக்க மாட்டேன்."

"இத்தனை வருஷமா எல்லாரும் உங்களைக் கேட்டாங்க. நீங்க ஒரு தடவை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கேட்டா, 'உங்களுக்கு ஏன் சிரமம்'பான்."

அம்மையார் நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய காலண்டர் அட்டையால் ஆற்றுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஞாயிறு, மாலை நான்கு மணி. படைக்கருவிப் பெட்டியை ஒரு கையிலும், சுருட்டிய ரப்பர் ஆற்றை அக்குளிலும் தாங்கி, தொந்தி முன்வர மச்சான் வந்தார். மேஜைமேல் பச்சை விரிப்பு. அதன் குறுக்கே ஏழு துண்டும் ஓருடலாய்ச் செம்புனல். வண்டித்தடம் பதிந்த சாலை ஒன்று மேட்டிலிருந்து இறங்கி, வளைந்து, கடவுத்துறையில் கால் நனைத்து, அக்கரை ஏறிப் போயிற்று. மேற்பரப்பில் மெல்லிய தோல் படிந்திருந்தது. தோலுக்கடியில் என்ன என்பதை அறிந்த இருவரில் ஒருவர் நெற்றியில் கண்ணாடியோடு சுவரோரம் நின்றார்.

மச்சான் சிரிக்கவில்லை. குனிந்தார். ஒரு கண்ணை மூடி, மேஜை விளிம்பில் கன்னத்தை வைத்து மட்டம் பார்த்தார். பிறகு, ஆயிரம் தரைகளைச் சோதித்த தம் கட்டைவிரல் நகத்தை எடுத்து, துண்டும் துண்டும் கூடும் இடத்தில் குறுக்கே இழுத்தார். ஒன்று. இரண்டு. ஆறு இணைப்பிலும் இழுத்தார்.

"நகம் மாட்டல அத்தான்," என்றார், குரல் தாழ்ந்து. "எங்கிட்ட வேலை செய்யற ஆளுங்க எவனும் இப்படி ஜாயின்ட் பண்ணதில்ல."

அடுத்தது குதிரை. பெட்டி திறந்து, தம் படைத்தலைவனை, வெண்புரவி மேல் வாளுயர்த்திய வீரனை எடுத்து, கடவுத்துறையின் நட்டநடுவில் வைத்தார். நின்றது. மேஜையைத் தட்டினார். நின்றது. குத்தினார். தேநீர்க் கோப்பை துள்ளிற்று, குதிரை நின்றது. மின்விசிறியை ஐந்தாம் எண்ணுக்குத் திருகினார். ஜன்னல் திரை பறந்தது, விதிநூல் பக்கம் பக்கமாகப் புரண்டது, மச்சானின் மீசையே ஒருபுறம் சாய்ந்தது. குதிரையோ குன்றென நின்றது.

"அடேங்கப்பா! வேர் விட்ட மாதிரி நிக்குதே!"

கம்பவுண்டர் மின்விசிறியை இரண்டாம் எண்ணுக்கு இறக்கினார். "நிக்கும்," என்றார்.

"சரி. வார்த்தைன்னா வார்த்தை. ஆட்டம் இங்கதான்." ரப்பர் ஆறு நாற்காலிக்கடியில் போயிற்று. போர் மூண்டது.

சாலையில் போனால் இரட்டிப்பு வேகம் என்பது விதி. வண்டித்தடத்தின் அழகில் மயங்கிய மச்சான், எஞ்சிய குதிரைகள் பதினொன்றையும் சாலைவழியே இரண்டே வீச்சில் இறக்கி, தலைவன் பின்னே அணிவகுத்துக் கடவுத்துறையை நிரப்பினார். கம்பவுண்டர் பகடை உருட்டினார், பீரங்கி முழங்கிற்று, ஒருவரும் சாயவில்லை. மீண்டும் மச்சான் முறை. "இப்ப பாருங்க அத்தான், அக்கரை!" என்று முழங்கி வெண்புரவியைப் பற்றித் தூக்கினார்.

வெண்புரவி எழுந்தது. கூடவே ஆறும் எழுந்தது. கடவுத்துறை கரையோடு பெயர்ந்து, பதினொரு குதிரைகளும் சாய்ந்து தொங்க, செம்பாகு நூல் நூலாய் இழிய, அந்தரத்தில் ஆடிற்று.

ஒரு கணம் உலகம் அசைவற்றது. மின்விசிறி மட்டும் சுற்றிற்று.

"சேறு!" என்று பிரகடனம் செய்தார் கம்பவுண்டர். "ஆற்றின் நடுவில் சேற்று நிலம்! இறங்கினால் ஒரு முறை நிற்கவேண்டும்! வீட்டுக்காரர் தீர்ப்பு!"

"ஒரு முறையா? இது ஆயுசுக்கும் நிக்கும் போலிருக்கே!" மச்சானின் முகம் ஆற்றின் நிறம் கொண்டது. "காயாத ஆத்தைக் காமிச்சு ஏமாத்திட்டீங்க அத்தான்! செல்லாது! நான் கிளம்பறேன். இனிமே ஆட்டம் என் வீட்டுலதான், என் ஆத்துலதான்!" என்று நாற்காலிக்கடியிலிருந்து ரப்பரை உருவி அக்குளில் செருகி, பெயர்ந்த ஆற்றுத்துண்டை மேஜைமேல் வைத்து, வெண்புரவியை முழுபலத்தோடு இழுத்தார்.

டிக்.

குதிரை கையில் வந்தது. நான்கு குளம்புகளும் ஆற்றிலேயே நின்றன.

"டேய், இழுக்காதேடா!" அம்மையார் வந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார். மச்சான் குளம்பற்ற குதிரையை உள்ளங்கையில் கிடத்தினார். அதன்மேல் அமர்ந்த வீரனின் மீசையை, ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மூச்சுக்கூட விடாமல் வரைந்தவர் அவர். மற்ற பதினொன்றும் ஆற்றுக்குள் நின்று அவரையே பார்த்தன. கோபம் வடிந்து, கடை திறந்த முதல் நாள் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் அவர் மெல்ல நிமிர்ந்து கம்பவுண்டரைப் பார்த்தார்.

"அத்தான்... இது எப்ப ஆறும்?"

அந்தக் கேள்வி! சாளரத்துக்கு வெளியே நின்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்கப்படும் அதே கேள்வி, அதே குரல், அதே கண்! கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கிற்று. முதுகு, அகராதியும் பயணப்பெட்டியும் செய்ய இயலாததைச் செய்து, தானே நிமிர்ந்தது. கம்பவுண்டர் குனிந்து ஆற்றை முகர்ந்தார்; ஸ்பிரிட்டின் நெடி நோயைச் சொல்லிற்று. குதிரைகளை ஒவ்வொன்றாக நோக்கினார். குளம்புகளைத் தொடாமல் தொட்டார்.

"டிங்சர் விட்டுட்டேன் மச்சான். தப்பு என்னோடதுதான்." முப்பத்து நான்கு ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து இப்படியொரு வாக்கியம் வெளிவந்ததில்லை. அம்மையார் தம்பியின் மணிக்கட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஸ்பிரிட்டு மெல்ல மெல்லத்தான் போகும். காத்தோட்டமா இருக்கணும். தூக்கக்கூடாது, ஆட்டக்கூடாது, கை வைக்கவே கூடாது. ஒரு மாசம். அப்புறம் மெல்லிசு பிளேடால ஒண்ணு ஒண்ணா எடுத்துடலாம். குளம்பையும் ஒட்டிடலாம், தழும்பு தெரியாது."

"ஒரு மாசம் இங்கயேவா?"

"இங்கயே."

மச்சான் அக்குளிலிருந்த ரப்பர் ஆற்றைப் பார்த்தார். மேஜைமேல் சிறைப்பட்ட தம் குதிரைப்படையைப் பார்த்தார். குதிரையில்லாமல் எந்த வேந்தன் தன் தலைநகரில் போர் நடத்துவான்?

"அப்ப அடுத்த ஆட்டம் இங்கதான்," என்றார் ஒருவழியாக. "அதுக்கடுத்தது... குதிரைங்க எப்படியிருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க அத்தான்."

இவ்வாறாக, நகம் மாட்டாத வாய்களும் நாள்கடந்தும் இறுகாத நெஞ்சமும் கொண்ட செம்புனல் பேராற்றங்கரையில், ரப்பர்ப் பெருவேந்தன் தன் வெண்புரவித் தலைவனையும், வாளேந்திய பதினொரு மறவரையும், தன் தலைநகருக்குக் களத்தைக் கொண்டுபோகும் பேராசையையும் ஒருங்கே பணயமாக வைத்து, மருந்துச் சாளரத்து மன்னர்மன்னனின் தீர்ப்பதிகாரம் திசையெட்டும் நிலைபெற, முரசு முழங்காமலும் சங்கு ஊதாமலும், அக்காளின் முன்னிலையில் தலைவணங்கி விடைகொண்ட அந்த வரலாற்றுப் பெருமாலையில், மச்சான் ஏழு மணி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார்.